ஏமாத்தினவன் வெளிநாட்டுக்கு ஓடிட்டானா? சிங்கப்பூர்ல இருந்துகிட்டு போலீஸ் மூலமா தேட வைக்கிறது எப்படி

காசை வாங்கிட்டு ஒருத்தன் ஜோகூர் பாருவுக்கோ சென்னைக்கோ கம்பி நீட்டிட்டான்னா நம்மாளுங்க உடனே கேக்குறது "இன்டர்போல்ல எப்படி கம்ப்ளெயின்ட் குடுக்குறது"ன்னு தான். நேரா சொல்லிடுறேன், தனி ஆளுங்க இன்டர்போல்ல கம்ப்ளெயின்ட் குடுக்க முடியாது. அதோட பெரிய ஆபீஸ் ஒண்ணு 2015லருந்து இங்கயே நேப்பியர் ரோட்டுல இருக்கு, ஆனா அது போலீஸுக்கும் போலீஸுக்கும் நடுவுல வேலை செய்யுற இடம், பப்ளிக் கவுண்டர் கிடையாது. தலைமையகம் பிரான்ஸ்ல லியோன் ஊர்ல, மொத்தம் 196 நாடு மெம்பரா இருக்கு. அவங்களுக்குன்னு துப்பாக்கி புடிச்ச ஏஜென்ட் யாரும் கிடையாது, போய் கதவைத் தட்டி கைது பண்றது எப்பவும் அந்தந்த நாட்டு போலீஸ் தான். அதனால உங்க வழி ஆரம்பிக்கிறது உங்க பேட்டை போலீஸ்ல, அதாவது என்பிசில. அங்க நீங்க என்ன குடுக்குறீங்களோ அதைத்தான் கடல் தாண்டி இருக்கிற போலீஸும் பாக்கப் போறான், அதனால தான் இவ்வளவு விவரமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது ஒண்ணு. ஆளைத் துரத்துறதுக்கு முன்னாடி காசைத் துரத்துங்க. ஆளு எங்கயும் போயிட மாட்டான், பத்து வருஷம் கழிச்சும் புடிக்கலாம், ஆனா காசு ஒரு அக்கவுண்ட்லருந்து இன்னொண்ணுக்கு அங்கருந்து கிரிப்டோக்குன்னு சில மணி நேரத்துல கரைஞ்சிடும். ஆனா நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, வீட்டுல சொல்ல பயம், பக்கத்து ரூம் அண்ணன் என்ன நெனைப்பாரோன்னு வெக்கம், அவனே திருப்பி குடுத்துடுவான்னு ஒரு நப்பாசை, இப்படியே ரெண்டு வாரம் ஓடிடும், அப்புறம் போலீஸ்ட்ட போனா அந்த அக்கவுண்ட்ல ஒண்ணுமே இருக்காது.

2024 ஜூலைல நடந்ததைப் பாருங்க. இங்க இருக்கிற ஒரு சரக்கு வியாபார கம்பெனிக்கு சப்ளையர் அனுப்புற மாதிரியே ஒரு மெயில் வந்துச்சு, இனிமே பணத்தை தீமோர் லெஸ்தேல இருக்கிற புது அக்கவுண்ட்டுக்கு போடுங்கன்னு. மெயில் அட்ரஸ்ல ஸ்பெல்லிங் லேசா தான் மாறியிருந்துச்சு, யாரும் கவனிக்கல, 19ஆம் தேதி 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டாலர் போயிடுச்சு. நாலு நாள் கழிச்சு நிஜ சப்ளையர் எனக்கு காசு வரலியேன்னு கேட்டப்ப தான் தெரிஞ்சுது. 23ஆம் தேதி போலீஸ் ரிப்போர்ட் போட்டாங்க, நம்ம போலீஸ் இன்டர்போலோட ஐகிரிப்ங்கிற வழியில தீமோர் லெஸ்தே அதிகாரிங்களுக்கு தகவல் குடுத்தாங்க, 25ஆம் தேதிக்குள்ள 3 கோடியே 90 லட்சம் டாலரை அங்கயே நிறுத்திட்டாங்கன்னு உறுதி வந்துடுச்சு, அப்புறம் ஏழு பேரையும் அங்க கைது பண்ணாங்க. கம்பெனிக்காரங்க தெரிஞ்ச அன்னிக்கே ரிப்போர்ட் போட்டாங்க, அதனால தான் அவ்வளவு மிஞ்சுச்சு. ஐகிரிப்ங்கிறது 2022லருந்து இருக்கு, திருட்டுப் பணம் வேற நாட்டு பேங்க்ல நிக்கும்போதே போலீஸ்லருந்து போலீஸுக்கு அவசர தகவல் போய் நிறுத்த வைக்கிற ஏற்பாடு. இதை நீங்களா அப்ளை பண்ண முடியாது, உங்க ரிப்போர்ட் தான் அதுக்கு விதை.

சரி, முதல் ஒரு மணி நேரத்துல என்ன செய்யணும். உங்க பேங்கோட மோசடி ஹாட்லைனுக்கு அடிங்க, இந்த டிரான்ஸ்ஃபர் மோசடி, நிறுத்துங்க, வாங்குன பேங்குக்கும் சொல்லுங்கன்னு சொல்லி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி எழுதி வச்சுக்கோங்க. அவன் உங்க அக்கவுண்டுக்குள்ளயே பூந்துட்டான்னு சந்தேகம் இருந்தா பேங்க் ஆப்லயே கில் ஸ்விட்ச் இருக்கும், அதாவது அக்கவுண்ட்டை உடனே முடக்குற பட்டன், அதைப் போட்டுடுங்க. மோசடியா இல்லையான்னு தடுமாற்றமா இருந்தா 1799, ஸ்கேம்ஷீல்டு லைன், 24 மணி நேரமும் இருக்கும். அப்புறம் போலீஸ் ரிப்போர்ட், சிங்பாஸ் வச்சு ஆன்லைன்லயே போடலாம், இல்லன்னா நேரா என்பிசிக்கு போங்க. தேக்கா பக்கம் இருக்கிறவங்களுக்கு கம்போங் கபோர் ரோட்டுல ரோச்சோர் என்பிசி இருக்கு. இங்கிலீஷ் தடுமாறும்னு தயங்காதீங்க, தமிழ்ல தான் சொல்ல வரும்னு சொல்லுங்க, இல்லன்னா எழுதத் தெரிஞ்ச ஒருத்தரை கூட கூட்டிட்டுப் போங்க. காசு மலேசியா அக்கவுண்ட்டுக்கு போயிருந்து அங்க சொந்தக்காரங்க இருந்தா அங்கருந்து 997 அடிக்கச் சொல்லுங்க. இந்தியா அக்கவுண்ட்டுன்னா ஊர்ல இருக்கிற அண்ணனோ அக்காவோ 1930க்கு அடிச்சு சொல்லலாம், அது அங்க சைபர் பண மோசடிக்கான நம்பர். ஆனா இங்க ரிப்போர்ட் போடாம அது மட்டும் பண்ணா பத்தாது.

அடுத்து ரிப்போர்ட்ல என்ன எழுதுறது, கோட்டை விடுறது இங்க தான். "தெரிஞ்சவர் ஒருத்தர் பிஸினஸ்ல போடுறேன்னு சொல்லி காசு வாங்கிட்டு ஏமாத்திட்டார், இப்ப இந்தியாவுல இருக்கார்"னு நாலு வரி எழுதிட்டு வந்துடுவாங்க. இதை வச்சு இன்னொரு நாட்டு போலீஸ் என்ன பண்ணுவான்? எழுத வேண்டியது இந்த மாதிரி: இன்ன தேதி இத்தனை மணிக்கு இந்த நம்பர்லருந்து, நாட்டு கோடோட, ப்ளஸ் 60ஆ ப்ளஸ் 91ஆன்னு தெளிவா, வாட்ஸாப்ல இப்படி கேட்டார், அதை நம்பி இன்ன தேதி இன்ன பேங்க் அக்கவுண்ட்லருந்து இன்ன அக்கவுண்ட்டுக்கு இவ்வளவு வெள்ளி போட்டேன், டிரான்ஸாக்ஷன் நம்பர் இது, பேநவ்ல காமிச்ச பேரு இது, அவர் சொன்னது இது, அது பொய்னு எனக்கு தெரிய வந்தது இன்ன தேதி, இப்படித் தெரிஞ்சுது. கோவத்தையும் சாபத்தையும் விட்டுடுங்க, தேதி வரிசைல எழுதுங்க. கடைசியா சொன்ன அந்த பொய்ங்கிற பாகம் ரொம்ப முக்கியம், ஏன்னா கைமாத்து வாங்கிட்டு திருப்பித் தரலங்கிறது மட்டும் இருந்தா அது சிவில் விவகாரம்னு போலீஸ் சொல்லிடலாம், ஆரம்பத்துலருந்தே பொய் சொல்லி வாங்குனான்னு காட்டுனா தான் அது ஏமாத்துற குத்தம் ஆகும். அதுக்காக இல்லாததை ஜோடிக்காதீங்க, போலீஸ்ட்ட பொய் தகவல் குடுக்குறது தனி குத்தம்.

ஆதாரத்தை எடுத்து வைக்கிறதுல டெலிகிராம் தான் கண்டம். அதுல எதிராளி மொத்த சேட்டையும் ரெண்டு பக்கத்துலயும் அழிச்சிட்டு போயிட முடியும், யூசர்நேமையும் நெனைச்ச நேரம் மாத்தலாம். அதனால சந்தேகம் வந்த உடனே, அவன்ட்ட சண்டைக்கு போறதுக்கு முன்னாடியே, கம்ப்யூட்டர்ல டெலிகிராம் திறந்து சேட் ஹிஸ்டரியை எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க, அவனோட ப்ரொஃபைல் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வாட்ஸாப்லயும் எக்ஸ்போர்ட் சேட் இருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேல வெறும் "குமார் அண்ணன்"னு நீங்க சேவ் பண்ண பேரு மட்டும் தெரிஞ்சா பிரயோஜனம் இல்ல, கான்டாக்ட் பக்கத்துக்கு போய் முழு நம்பர் தெரியுற மாதிரி ஒண்ணு எடுங்க. மெயில்ல வந்ததுன்னா அழிக்காம வைங்க, ஃபார்வர்ட் பண்ணா மெயில் எங்கருந்து வந்துச்சுன்னு காட்டுற ஹெடர் விவரம் போயிடும். கிரிப்டோன்னா வாலட் அட்ரஸையும் டிரான்ஸாக்ஷன் ஹாஷையும் எழுத்து பிசகாம காப்பி பண்ணி வைங்க, கையால எழுதாதீங்க.

இப்ப பேரு விவகாரம், இது தமிழாளுங்களுக்கே உரிய தலைவலி. உலகத்துல எந்த போலீஸும் ஆளைத் தேடுறது முதல்ல பேரு, பொறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் இந்த மூணையும் வச்சு தான். நம்மள்ல ஒருத்தரே பள்ளிக்கூட சர்டிஃபிகேட்ல எஸ். முருகன், பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு கட்டத்துல அப்பா பேரு சுப்ரமணியன், பேரு கட்டத்துல முருகன், இங்க ஒர்க் பெர்மிட்ல சுப்ரமணியன் முருகன், பேங்க்ல முருகன் எஸ்னு நாலு விதமா இருப்பார். இங்கயே பொறந்தவர்னா முருகன் சன் ஆஃப் சுப்ரமணியம்னு இருக்கும். இங்கிலீஷ் எழுத்துல போனா இன்னும் மோசம், கார்த்திக்குங்கிற ஒரு பேரையே நாலஞ்சு ஸ்பெல்லிங்ல எழுதுறாங்க. வெறும் "கார்த்திக், சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம்"னு போனா எந்த டேட்டாபேஸ்லயும் ஆளு கிடைக்க மாட்டான், அதை விடக் கொடுமை வேற யாரோ ஒரு கார்த்திக் ஏர்போர்ட்ல மாட்டுவான். அதனால உங்களுக்கு தெரிஞ்ச எல்லா ஸ்பெல்லிங்கும், அப்பா பேரு, ஊரு, தாலுகா, பொறந்த நாள், குறைஞ்சது வயசு, பட்டப் பேரு, பச்சை குத்தியிருந்தா அது, பழைய கம்பெனி, கூட தங்கியிருந்த டார்மிட்டரி எல்லாத்தையும் குடுங்க. பொறந்த நாளுக்கு கேக் வெட்டுன ஃபோட்டோ ஃபேஸ்புக்ல இருந்தா அதோட தேதி கூட உதவும். ஏதாவது அக்ரிமென்ட் போட்டப்ப அவன் பாஸ்போர்ட் காப்பியோ ஃபின் நம்பரோ (இங்க வெளிநாட்டுக்காரங்களுக்கு குடுக்குற அடையாள நம்பர்) குடுத்திருந்தா அதை விட பெரிய தகவல் வேற இல்ல.

ரிப்போர்ட் போட்ட பிறகு உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா காத்திருக்கிறப்ப நெஞ்சு கொஞ்சம் ஆறும். உங்க கேஸ் ஒரு ஐஓகிட்ட போகும், அதாவது விசாரணை அதிகாரி. அவருக்கு வெளிநாட்டுலருந்து தகவல் வேணும்னா ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு போலீஸுக்கு போலீஸ். ஒவ்வொரு மெம்பர் நாட்டுலயும் இன்டர்போலுக்குன்னு ஒரு தேசிய மையம் இருக்கு, என்சிபின்னு சொல்லுவாங்க, இந்தியாவுக்கு அது டெல்லில சிபிஐ. இந்த மையங்கள் எல்லாம் 2003லருந்து இருக்கிற ஐ-24/7ங்கிற பாதுகாப்பான நெட்வொர்க்ல பேசிக்கும். அந்த நம்பர் யாருது, இந்த பாஸ்போர்ட் எல்லையைத் தாண்டுச்சா, ஆளு எங்க இருக்கான் மாதிரி விஷயம் இதுல போகும், ஓரளவு சீக்கிரம் வரும். இந்தியாவுக்குப் போனா டெல்லிலருந்து மாநில போலீஸ், அங்கருந்து மாவட்டம், அங்கருந்து லோக்கல் ஸ்டேஷன்னு இறங்கணும், ஏற்கனவே இது கடுதாசி வேகத்துல தான் நடந்துச்சு, 2025 ஜனவரில சிபிஐ பாரத்போல்னு ஒரு போர்ட்டல் கொண்டாந்து மாநில போலீஸையெல்லாம் அதுல சேத்துருக்காங்க.

ரெண்டாவது பாதை கோர்ட்டுக்கு ஆதாரமா வேணுங்கிறப்ப. வெளிநாட்டு பேங்க் ஸ்டேட்மென்ட், சாட்சி வாக்குமூலம், சொத்தை முடக்குறது இதெல்லாம் போலீஸ் ஃபோன் பேசி வாங்க முடியாது, அரசாங்கத்துக்கு அரசாங்கம் முறைப்படி கேக்கணும். சிங்கப்பூர்ல அது அட்டர்னி ஜெனரல் சேம்பர்ஸ் வழியா போகும், இந்தியாவோட இதுக்குன்னு 2005லயே ஒப்பந்தம் போட்டாச்சு. இது மாசக்கணக்கா இழுக்கும், ஐஓ ஒண்ணுமே பண்ணலன்னு உங்களுக்கு தோணுறப்ப பெரும்பாலும் இந்த கடுதாசிக்கு தான் அவரும் காத்துட்டு இருப்பார்.

இன்டர்போல் மெம்பர் நாட்டு போலீஸுக்கெல்லாம் அனுப்புற நோட்டீஸ் பத்தி ரொம்ப குழப்பம் இருக்கு. ரெட் நோட்டீஸ் உலக அளவு கைது வாரண்ட் கிடையாது. இந்த ஆளைக் கண்டுபுடிச்சு தற்காலிகமா புடிச்சு வைங்க, நாங்க முறைப்படி கேட்டு கூட்டிட்டு போறோம்னு மத்த நாட்டு போலீஸுக்கு வைக்கிற கோரிக்கை தான், புடிக்கிறதா வேணாமான்னு அந்த நாட்டு சட்டம் முடிவு பண்ணும். அதுக்கு முன்னாடி இந்த நாட்டுல கோர்ட் வாரண்ட் இருக்கணும், குத்தம் குறைஞ்சது 2 வருஷம் தண்டனை குடுக்கக்கூடியதா இருக்கணும், சொந்த தகராறுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க, அரசியல் மத விவகாரத்துல இன்டர்போல் தலையிடவே கூடாதுன்னு அவங்க சாசனத்துலயே மூணாவது விதி இருக்கு. புளூ நோட்டீஸ்னா ஆளு யாரு, எங்க இருக்கான், என்ன பண்றான்னு விவரம் மட்டும் கேக்குறது. உங்க கேஸ் ஆரம்ப கட்டத்துல இருந்தா பெரும்பாலும் இந்த அளவு தான் பொருத்தம். எல்லோ காணாமப் போனவங்களுக்கு, கம்போடியா மியன்மார் மோசடி கூடாரத்துல புள்ளைங்க மாட்டிக்கிட்ட குடும்பங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். சில்வர்னு ஒண்ணு 2025ல சோதனையா ஆரம்பிச்சாங்க, அது சொத்தைத் தேடுறதுக்கு. இன்டர்போல் வெப்சைட்டுல தேடி அவன் பேரு இல்லன்னு மனசு உடையாதீங்க, ரெட் நோட்டீஸ்ல கொஞ்சம் தான் பப்ளிக்கா போடுவாங்க, மீதி போலீஸ் கண்ணுக்கு மட்டும்.

ஆளு மலேசியாவுல இருந்தா நமக்கு சாதகம் ஜாஸ்தி. ரெண்டு நாடும் முன்னாடி ஒண்ணா இருந்ததால ஒருத்தர் வாரண்ட்டை இன்னொருத்தர் ஒப்புதல் போட்டு நிறைவேத்துற வழி சட்டத்துலயே இருக்கு, மத்த நாட்டோட மாதிரி நீளமான நாடு கடத்தல் வழக்கு தேவைப்படாது. 2022ல ஆடம்பர வாட்ச்சும் பேக்கும் தர்றேன்னு சொல்லி 3 கோடி வெள்ளிக்கு மேல வாங்கிட்டு ஒரு ஜோடி ஜூலை 4ஆம் தேதி லாரில ஒளிஞ்சு மலேசியாவுக்கு தப்பிச்சுது ஞாபகம் இருக்கும். வாரண்ட், ரெட் நோட்டீஸ் எல்லாம் போட்டாங்க, ஆகஸ்ட் 11ஆம் தேதி இங்க கொண்டு வந்துட்டாங்க. புடிச்சது ஜோகூர் பாரு ஹோட்டல் ஒண்ணுல, மலேசியா போலீஸ். இன்னொரு பக்கம், 2005ல ஓடிப் போன ஒரு மின்கழிவு கம்பெனி தலைவர் 2024ல தான் மலேசியாவுல புடிபட்டு இங்க கோர்ட்டுக்கு வந்தார், கிட்டத்தட்ட இருபது வருஷம். அதே பக்கத்து நாடு தான், ஒண்ணு அஞ்சு வாரம், இன்னொண்ணு இருபது வருஷம். ஆளு இருக்கிற இடம் தெரியணும், அது தான் வித்தியாசம்.

இந்தியாவுல இருந்தா ரெண்டு நாட்டு சட்டத்துலயும் அது குத்தமா இருக்கணும், கோர்ட் பாக்கணும், நேரம் ஆகும். அதனால பாதிக்கப்பட்டவங்க ஊர்லயும் ஒரு புகார் போடுறது நல்லது, குறிப்பா காசு அங்க இருக்கிற அக்கவுண்ட்டுக்கோ நிலத்துக்கோ போயிருந்தா. 2024 ஜூலை 1லருந்து வந்த புது சட்டப்படி எந்த ஸ்டேஷன் எல்லைன்னு பாக்காம புகார் வாங்கணும், ஆன்லைன்லயும் குடுக்கலாம், ஆனா மூணு நாளுக்குள்ள நேர்ல கையெழுத்து போடணும், அதனால ஊருக்குப் போற நேரமா பாத்து குடுங்க. ரெண்டு பக்கமும் குடுக்குற விவரம் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கக் கூடாது, இங்க போட்ட ரிப்போர்ட் காப்பியை கூட வச்சுக்கோங்க.

ஐஓக்கு தினம் ஃபோன் போட்டு நச்சரிக்காதீங்க, ஆனா சும்மாவும் இருக்காதீங்க. புது தகவல் கிடைக்கிறப்பல்லாம் ரிப்போர்ட் நம்பரை சப்ஜெக்ட்ல போட்டு ஒரே மெயில் தொடர்ல அனுப்புங்க. அவன் புது நம்பர் மாத்திட்டான், பொண்டாட்டி ஃபேஸ்புக்ல பினாங்கு கோயில் ஃபோட்டோ போட்டுருக்கா, பின்னாடி கார் நம்பர் தெரியுது, இது தான் தங்கம். அவனால ஏமாந்த மத்தவங்க இருந்தா எல்லாரும் தனித்தனியா ரிப்போர்ட் போட்டு ஒருத்தர் ரிப்போர்ட் நம்பரை இன்னொருத்தர் குறிப்பிடுங்க, பத்து பேரோட கேஸ் ஒரே ஆள் மேலன்னு தெரிஞ்சா அதோட எடை வேற.

செய்யக் கூடாதது சிலது சொல்லணும். அவன் ஃபோட்டோ, வீட்டு அட்ரஸ், புள்ளைங்க படிக்கிற ஸ்கூல் எல்லாத்தையும் ஃபேஸ்புக் குரூப்ல போடாதீங்க. ஒண்ணு, அவன் உஷாராகி வேற நாட்டுக்குத் தாவிடுவான், ரெண்டு, இங்க டாக்ஸிங், அதாவது ஒருத்தரைத் தொந்தரவு பண்ண அவரோட சொந்த விவரத்தை இப்படி வெளிய போடுறது, சட்டப்படி குத்தம், நீங்களே மாட்டிக்குவீங்க. அப்புறம், "எனக்கு இன்டர்போல்ல ஆள் இருக்கு, ஆயிரம் வெள்ளி ஃபீஸ் கட்டுனா காசை மீட்டுத் தர்றேன்"னு ஒருத்தன் கண்டிப்பா வருவான், ஏமாந்தவங்க லிஸ்ட் அவங்களுக்குள்ளயே கை மாறும். இன்டர்போல் யாருக்கும் ஃபோன் போட்டு காசு கேக்காது, சிங்கப்பூர் போலீஸோ எம்ஏஎஸோ (பேங்குகளை மேற்பார்வை பாக்குற நாணய ஆணையம்) ஃபோன்ல காசு அனுப்பச் சொல்ல மாட்டாங்க, வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உங்களை "டிஜிட்டல் அரெஸ்ட்" பண்ணிட்டேன்னு சொல்றவனும் கள்ளன் தான், வச்சிடுங்க.

டார்மிட்டரில இருக்கிற தம்பிங்களுக்கு இன்னொண்ணு, இதை மனசு கேக்காம தான் சொல்றேன். ஊருக்கு ஒரேடியா போறப்ப பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் சிங்பாஸையும் சில நூறு வெள்ளிக்கு வித்துட்டுப் போறாங்க. மோசடிக் காசு முதல்ல விழுறது அந்த அக்கவுண்ட்ல, போலீஸ் முதல்ல தேடுறதும் அந்தப் பேரைத்தான், அதுல தெளிவான பாஸ்போர்ட் நம்பர், பொறந்த தேதி, ஃபோட்டோ எல்லாம் இருக்கு. நிஜ கள்ளனை விட உங்களைக் கண்டுபுடிக்கிறது சுலபம். 2024 பிப்ரவரிலருந்து சட்டம் இன்னும் கடுமையாயிடுச்சு. அடுத்த தடவை வேற கம்பெனி ஐபிஏ, அதாவது வேலை பெர்மிட்டுக்கான முதல் ஒப்புதல் கடிதம் வந்து சாங்கியில இறங்குறப்ப மாட்டுனா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி தப்பிக்கிறது ரொம்ப கஷ்டம்.

உங்க பேரே தப்பா மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்றதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. இந்தியா ஏர்போர்ட்ல நிறுத்துறது பெரும்பாலும் லுக்அவுட் சர்க்குலர், அது அந்த நாட்டு இமிக்ரேஷன் லிஸ்ட், இன்டர்போலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அதை அங்க வக்கீல் வச்சு எந்த கேஸ்ல போட்டாங்கன்னு பாத்து தான் எடுக்கணும். இன்டர்போல் ஃபைல்லயே உங்க பேரு இருக்குன்னு சந்தேகம்னா, அவங்க ஃபைலை மேற்பார்வை பாக்குறதுக்குன்னு சிசிஎஃப்னு ஒரு தனி கமிஷன் லியோன்ல இருக்கு, அதுக்கு நீங்களே நேரா எழுதி என் மேல என்ன தகவல் இருக்குன்னு கேக்கலாம், தப்புன்னா திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். அதுக்கு காசு கிடையாது. அவங்க வெப்சைட்டுல இருக்கிற ஃபாரத்தை நிரப்பி கையெழுத்து போட்டு, அடையாள அட்டை காப்பியோட அனுப்பணும், உங்களுக்காக வக்கீல் அனுப்புறார்னா அவருக்கு அதிகாரம் குடுத்த கடிதமும் சேத்து அனுப்பணும்.